மொட்டை மாடி நாயும் பக்கத்து வீட்டு உறக்கமும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு வீட்டுக்குப் பெரிய நாய் வருகிறது என்றால், பெரும்பாலும் அதற்கு முன்பே இரண்டு பொருள்கள் வந்து சேர்ந்துவிடும். ஒன்று, கனமான இரும்புச் சங்கிலி. மற்றொன்று, மொட்டை மாடியில் நான்கு குழாய் நட்டு மேலே போட்ட தகர ஷீட். குட்டி ஆறேழு மாதம் வரை கூடத்தில் பிள்ளைகளோடு புரளும். உடம்பு பெருத்து, முடி கொட்டி, சோபா மூலையைக் குதறத் தொடங்கியதும் மாடிக்குப் போய்விடும். அதன் பிறகு அந்த நாயை அதிகம் அறிந்தவர்கள் அதை வளர்ப்பவர்கள் அல்ல, அக்கம்பக்கத்தார்தான். அதுவும் காது வழியாக மட்டும்.

"உங்க நாய் ரொம்பக் குரைக்குது" என்று யாராவது சொன்னால், வளர்ப்பவர் பழியை இனத்தின் மேல் போடுவார். ராட்வீலர் என்றால் அப்படித்தான், ஜெர்மன் ஷெப்பர்டுக்குக் காவல் புத்தி என்பார். குறை சொல்ல வந்தவரோ பழியை வளர்ப்பவரின் திமிர் மேல் போடுவார். நாய் எங்கே கட்டியிருக்கிறது என்பதை இருவருமே பார்ப்பதில்லை. தோல் தொழில் நடக்கும் இந்த ஊர்களின் சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில், நாயின் குணத்தை மாற்றுவதற்கு முன்னால் அதன் இடத்தை மாற்றிப் பார்ப்பது சுலபம், செலவும் குறைவு.

மாடியிலிருந்து நாய்க்கு என்னென்ன தெரிகிறது என்பதை வளர்ப்பவர் ஒருநாள் காலை அரை மணி நேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். கீழே ஷூ கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கிறது. டிபன் பையோடு பெண்கள் ஓடி வந்து ஏறுகிறார்கள். எதிர் மாடியில் ஒருவர் துணி உலர்த்த வருகிறார். தண்ணீர்த் தொட்டி மேல் குரங்கு, கைப்பிடிச் சுவரில் பூனை. தூரத்தில் ஜோலார்பேட்டை பாதையில் ரயில். வாசலில் இருக்கும் நாய்க்கு ஒரு தெருதான் காவல் எல்லை. மாடி நாய்க்கு நாலு தெரு. யாரைக் கண்டாலும் குரைக்கிறது, அவரும் தம் வழியில் போய்விடுகிறார். தான் குரைத்துத்தான் அவரை விரட்டினோம் என்று நாய் கணக்கு எழுதிக்கொள்கிறது. நாளெல்லாம் இப்படி வெற்றிமேல் வெற்றி கிடைத்தால் எந்த நாய்தான் நிறுத்தும்?

ஒலியின் கணக்கும் மாடிக்கு எதிராகவே இருக்கிறது. ஒரு மீட்டர் தள்ளி நின்று கேட்டால் 90 டெசிபல் வரும்படி குரைக்கும் நாய் என்று வைத்துக்கொள்வோம். தடுப்பே இல்லாத வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். பத்து மீட்டரில், அதாவது எதிர்வீட்டு ஜன்னலில், இன்னும் 70 டெசிபல் மிச்சமிருக்கும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அது ஒரு கால அளவின் சராசரி. நாலு குரைப்பை வைத்து யாரும் வழக்குப் போட்டுவிட முடியாது. ஆனால் எதிர்வீட்டுக்காரரின் தூக்கம் சராசரி பார்த்துக் கலைவதில்லை. இனத்தைக் குற்றம் சொல்பவர்களுக்கு ஒரு தகவல்: உலகிலேயே உரத்த குரைப்பு என்று 2012ல் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது ராட்வீலரும் அல்ல, டாபர்மேனும் அல்ல. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சார்லி என்ற கோல்டன் ரெட்ரீவர். பரம சாது என்று பெயரெடுத்த இனம். அளவு, 113.1 டெசிபல்.

தோல் கிடங்குக்குக் காவல் நாய் வைப்பது இந்த வட்டாரத்துக்குப் பழகிய விஷயம். உப்பிட்ட பச்சைத் தோலும் சரி, பதனிட்ட தோலும் சரி, காசு பெறும் சரக்கு. இரவு வாட்ச்மேனுக்கு டார்ச்சும் நாயும்தான் துணை. ராட்வீலர்கூட ஒரு வகையில் இந்தத் தொழிலுக்குத் தூரத்து உறவு. ஜெர்மனியின் ராட்வைல் ஊரில் கசாப்புக்காரர்களுக்கு மாடு ஓட்டிக் கொடுத்த நாய் அது. டாபர்மேன், அபோல்டா ஊர் வரி வசூல்காரர் ஒருவர் தம் பாதுகாப்புக்காக உருவாக்கிய இனம் என்பார்கள். ஜெர்மன் ஷெப்பர்ட், 1899ல் தனி இனமாகப் பதிவான மேய்ப்பு நாய். நம் ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்கும் வேட்டைக்கும் பேர் போனவை. அன்னியர் வந்தால் குரல் கொடுப்பது தலைமுறை தலைமுறையாக இவற்றுக்கு மனிதர் கொடுத்த வேலை. பெரிய காம்பவுண்டுக்குள் செய்ய வேண்டிய அந்த வேலையைக் குறுகிய தெருவில் செய்யவிடும்போதுதான் சிக்கல். கிடங்கில் நாய் குரைத்தால் வாட்ச்மேன் எழுந்து வந்து டார்ச் அடித்துப் பார்ப்பார். ஆள் வந்துவிட்டதென்று நாய் அடங்கும். மாடியில் குரைத்தால் யாரும் வருவதில்லை. தகவல் போய்ச் சேரவில்லை என்று அது மேலும் குரைக்கிறது.

கிடங்கில் நாய் வைத்திருப்பவர்களுக்கு இடையில் ஒரு எச்சரிக்கை. சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போட்டு முடி நீக்கிய தோலிலிருந்து சீவியெடுக்கும் சவ்வும் கொழுப்பும் நாயின் மூக்குக்கு விருந்து, வாய்க்கும் குடலுக்கும் புண். உப்புத் தோலை நக்கிப் பழகினால் உப்பே நஞ்சாகும். குரோமியத்தில் பதனிட்ட நீல நிற வெட் ப்ளூ வெட்டுத்துண்டை விளையாடக்கூடக் கொடுக்கக் கூடாது. கடையில் நாய்க்கென்று விற்கும் தோல் எலும்பு பதனிடாத தோலில் செய்தது. அதையும் பெரிய நாய் பெரும் துண்டாக விழுங்கிவிட்டால் தொண்டையில் சிக்கும். வயிற்று வலியில் ராத்திரி முழுக்க ஊளையிடும் நாய்க்கு வேண்டியது டாக்டர், பயிற்சியாளர் அல்ல.

வேலூர் நகரத்துக்குள் வந்தால் பக்கத்து வீடு என்பதன் பொருளே வேறு. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி, காந்தி ரோடு, பாபு ராவ் தெரு, தோட்டப்பாளையம் பக்கமெல்லாம் வீடுகளுக்கு நடுவே லாட்ஜுகள். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் என்று எங்கெங்கோ இருந்து வந்து வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்கி சிகிச்சை பெறுகிறார்கள். கீமோதெரபி முடிந்து வந்து படுத்திருப்பவருக்குப் பகல் இரவு வித்தியாசம் கிடையாது. நைட் டூட்டி முடித்த நர்ஸ் காலை ஒன்பதரைக்குத்தான் கண் மூடுவார். "பகல்லதானே குரைக்குது" என்ற சமாதானம் இந்தத் தெருக்களில் செல்லாது. இன்னொன்று: வெளியூர்க்காரர் புகார் சொல்ல மாட்டார். மொழி தெரியாது, தெரிந்தாலும் பத்து நாளில் ஊருக்குப் போகப்போகிறவர் வம்பு எதற்கு என்று இருந்துவிடுவார். புகார் வரவில்லை என்பதால் தொந்தரவு இல்லை என்று எடுத்துக்கொள்ளும் நாய்ச் சொந்தக்காரர் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார்.

ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும் பேரணாம்பட்டிலும் இன்னொரு சங்கதி உண்டு. வெளியே பேசத் தயங்குவார்கள், மனசுக்குள் உறுத்தும். அடுத்த வீட்டில் இருப்பவர் முஸ்லிம் என்றால், சத்தத்தைவிட எச்சில்தான் அவருக்குப் பெரிய பிரச்சினையாக இருக்கக்கூடும். நாயின் எச்சில் பட்ட துணியோடு தொழ முடியாது. ஹனஃபி வழியினருக்கும் ஷாஃபி வழியினருக்கும் கழுவும் முறையில் வேறுபாடு உண்டு, எச்சில் அசுத்தம் என்பதில் இல்லை. காவலுக்கும் மந்தைக்கும் வேட்டைக்கும் நாய் வைத்துக்கொள்ள மார்க்கம் இடம் கொடுக்கிறது. ஆகவே நாய் வளர்ப்பதையே அவர் வெறுக்கிறார் என்று முடிவு கட்டத் தேவையில்லை. ஒளு செய்துவிட்டு, வெள்ளை ஜிப்பாவில் சுபுஹு தொழுகைக்குக் கிளம்பும் ஒருவர் மேல் கேட்டுக் கம்பி வழியாக ஒரு பெரிய நாய் மூக்கை நீட்டித் தலையை உலுக்கினால் என்ன ஆகும்? அவர் வீட்டுக்குத் திரும்பி உடை மாற்ற வேண்டும், கூட்டுத் தொழுகை தவறிவிடும். ஐந்து வேளை நேரம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலேயே தெரிந்துவிடுகிறது. அந்த நேரத்துக்கு நாயைக் கேட்டுப் பக்கம் விடாமல் இருப்பது வளர்ப்பவருக்கு ஒரு சிரமமே இல்லை.

பாங்கு சொல்லும்போது சில நாய்கள் கூடவே ஊளையிடும். கோயில் சங்குக்கும் ஆம்புலன்ஸ் சைரனுக்கும் ரயில் ஹாரனுக்கும் இதே கதைதான். நீளமாக இழுக்கும் ஒலிக்கு நாய்க் கூட்டம் பதில் கொடுக்கும், அது ஓநாய்க் காலத்து வழக்கம். நாய்க்கு அதில் மதம் கிடையாது. ஆனால் கேட்பவர்களுக்கு உண்டு, ஊர் சூடாக இருக்கும் நாளில் இது வேறு அர்த்தம் எடுத்துவிடும். வழி எளிது. பாங்கு நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் நாயை உள்ளறைக்குக் கூட்டிப்போய், முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்த ஒன்றைக் கொடுப்பது. உள்ளே குடைவுள்ள கெட்டி ரப்பர் பொம்மையில் உப்பில்லாத தயிர்சாதத்தை அடைத்து உறைய வைத்தால் பெரிய நாய்க்கு நக்கி முடிக்கக் கணிசமான நேரம் பிடிக்கும். நக்கிக்கொண்டிருக்கும் வாய் ஊளையிடாது.

வேலூர் பெயரைத் தாங்கிய தீர்ப்பு ஒன்று இந்தியச் சட்டக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் பாடமாக இருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்ததுதான் வழக்கு. மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும், கேடு வருமுன் தடுக்கும் பொறுப்பும் அவருடையதே என்ற இரு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு உறுதி செய்தது. நாய்ச் சத்தத்துக்கும் அந்தத் தீர்ப்புக்கும் சட்டப்படி சம்பந்தமில்லை. ஆனாலும் அந்த நியாயத்தைத் தெருவுக்குக் கொண்டுவரலாம். "சத்தம் பிடிக்கலேன்னா ஜன்னலைச் சாத்திக்கோங்க" என்பது, கிணற்றைக் கெடுத்துவிட்டுக் கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கச் சொல்வதற்குச் சமம். ஜன்னல் சாத்துவது வளர்ப்பவரின் வேலை.

எங்கிருந்து தொடங்குவது? நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு வாரத்துக்கு நாய் குரைத்த நேரம், அதற்குச் சற்றுமுன் நடந்தது, எத்தனை நிமிடம், எப்படி நின்றது என்று எழுத வேண்டும். வீட்டில் யாரும் இல்லாத நேரத்துக்குப் பழைய செல்போனில் ரெக்கார்டிங் போட்டு வைத்துவிட்டுப் போகலாம். பலருக்கு இதுதான் முதல் அதிர்ச்சி. "நாங்க இருக்கும்போது சத்தமே போடாது" என்று சத்தியம் செய்பவர்கள், தாங்கள் இல்லாத நாற்பது நிமிடத்தைக் கேட்டபின் பேச்சை மாற்றிக்கொள்வார்கள்.

நோட்டில் ஒரு நாள் இப்படி விழலாம்: காலை 5.10, பேப்பர் போடும் பையன், 2 நிமிடம். 6.40, கம்பெனி வேன், 6 நிமிடம். 11 முதல் 11.40 வரை, வீட்டில் ஆளில்லை, விட்டுவிட்டு ஒரே ஊளை. மாலை 4.30, பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் கேட்டில் குச்சியை இழுத்துக்கொண்டே ஓடுகிறார்கள், 5 நிமிடம். இரவு 1.15, தெருநாய்ச் சண்டை, 20 நிமிடம்.

ஐந்துமே சத்தம்தான், ஆனால் எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றல்ல. பேப்பர் பையனும் வேனும் காவல் குரைப்பு, பார்வையை மறைத்தால் குறையும். பதினொரு மணி ஊளை தனிமை. அதற்குக் காலை நடையை நீட்டிக்க வேண்டும், தனியாக இருக்கும் நேரத்தை ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று மெல்ல மெல்லப் பழக்க வேண்டும். பிள்ளைகள் விஷயத்தில் திருத்த வேண்டியது நாயை அல்ல. இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு, நாயின் பேர் சொல்லிக் கொடுத்து, வளர்ப்பவர் பக்கத்தில் நிற்க ஒரு பிஸ்கட்டைத் தரையில் போடச் சொன்னால், அடுத்த வாரம் குச்சி இருக்காது. இரவு ஒன்றேகாலுக்கு நாய் வெளியே இருப்பதே தவறு. பத்து மணிக்குமேல் அது வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். காவலுக்கென்று வாங்கினேனே என்பவர் யோசிக்க வேண்டும்: கதவுக்கு உள்ளே இருக்கும் நாய்தான் திருடன் கதவைத் தொடும்போது சரியாகக் குரைக்கும். மாடியில் நாளெல்லாம் குரைக்கும் நாயை, திருடன் வந்த அன்றும் யாரும் எழுந்து பார்க்க மாட்டார்கள்.

பார்வையை மறைப்பதென்றால் கேட்டிலிருந்து தொடங்கலாம். இங்கே பெரும்பாலான வீடுகளில் கம்பி கேட்தான். நாய் பின்னங்காலில் நின்றால் கண் எட்டும் உயரம் வரை மறைக்க வேண்டும், பெரிய நாய்க்கு ஐந்தடி தேவைப்படும். வெல்டிங் கடையில் கேட்டால் தகரம் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். அதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். முப்பத்தைந்து கிலோ நாய் முன்னங்காலைத் தூக்கி மோதினால் தகரம் தவிலாகிவிடும், குரைப்போடு அந்தச் சத்தமும் சேரும். கனமான பிவிசி ஷீட்டோ, வெளிப்புறத்துக்கான பிளைவுட்டோ நல்லது. தகரம்தான் வேண்டுமென்றால் கம்பிக்கும் தகட்டுக்கும் நடுவே பழைய டயர் ரப்பரைக் கீற்றாக வெட்டி வைத்துத் திருகினால் அதிராது. கீழே நாலு விரல் இடைவெளி விட்டால் காற்று வரும், நாயும் மூக்கை வைத்து வருகிறவர் யார் என்று தெரிந்துகொள்ளும். முகர்ந்து தெரிந்துகொண்ட பல நாய்கள் குரைக்க மெனக்கெடுவதில்லை.

பிறகு நடை. நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு மிச்சமிருக்கும் ஒரே உடற்பயிற்சி குரைப்பதுதான். காலையும் மாலையும் நாற்பது நிமிடமாவது நடந்தால் வித்தியாசம் தெரியும். மே மாதத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் என்பதால், சூரியன் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். மாலையில் புறங்கையைத் தார் ரோட்டில் ஏழெட்டு நொடி வைத்துப் பார்த்து, சுடவில்லை என்றால்தான் நாயை இறக்கலாம். நாய் நடையில் தெருக்காரர்கள் கவனிப்பது மூன்றே விஷயம்: கயிறு குட்டையாகப் பிடித்திருக்கிறதா, மலத்தை அள்ளுகிறாரா, கோலத்தை மிதிக்கவிடுகிறாரா. மூன்றாவதை ஆண்கள் கவனிப்பதில்லை. அரை மணி நேரம் குனிந்து போட்ட மார்கழிக் கோலத்தின் நடுவில் நாய் காலைத் தூக்கிவிட்டால், அந்த வீட்டில் இருந்து அந்த வருஷம் பொங்கல் தட்டு வராது.

குரைக்கும் நாயைப் பார்த்துக் கத்துவது வீண். நாய்க்கு அது எசமானும் சேர்ந்து குரைப்பதாகவே படும். குரைப்பு நின்ற அந்த இரண்டு நொடி மௌனத்துக்குத் தீனி கொடுத்து, அதை ஐந்து நொடியாக, பத்து நொடியாக வளர்ப்பதுதான் பயிற்சியின் சாரம். பொறுமை வேண்டும், முதல் வாரத்தில் பலன் தெரியாது. ஷாக் கொடுக்கும் கழுத்துப்பட்டை வாங்குவதைவிட அந்தக் காசில் நல்ல பயிற்சியாளரைக் கூப்பிடலாம். வலியும் பயமும் சேர்ந்தால் குரைக்கிற நாய் கடிக்கிற நாயாகும். குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியை நம்பி யாரும் கையை நீட்ட வேண்டாம். ராஜபாளையம் போன்ற வெள்ளை நாய்களில் சில பிறவியிலேயே காது கேளாதவை. சொல் பேச்சு கேட்கவில்லை என்று அடிப்பதற்கு முன் பின்னாலிருந்து கைதட்டிப் பார்ப்பது நல்லது.

இனி பக்கத்து வீட்டு வாசற்படி. புகார் வந்தபின் போவதைவிட நாய் வந்த வாரமே போவது நல்லது. கையில் வெறிநாய்க்கடி தடுப்பூசிச் சான்றின் ஜெராக்ஸும், செல் நம்பர் எழுதிய சீட்டும் இருக்கட்டும். "பாய், வீட்ல நாய் வாங்கியிருக்கோம். சத்தம் தொந்தரவா இருந்தா மனசுல வச்சுக்காம எந்நேரமும் போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டால், பிறகு நடு இரவில் வரும் அழைப்பு சண்டையாக இருக்காது. "அக்கா, பாப்பாவுக்கு எப்போ பரீட்சை?" என்று ஜனவரியிலேயே கேட்டு வைத்துக்கொள்பவர், மார்ச்சில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரிடம் நல்ல பேர் எடுப்பார். நல்ல பேர் அதிகமானாலும் ஒரு ஆபத்து உண்டு. இது ஆம்பூர். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பை ஆசையாகக் கொண்டுவந்து கேட்டுக்குள் போடுவார்கள். வெந்த எலும்பு ஊசிபோல் உடைந்து குடலைக் கிழிக்கும், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்துக்கு நஞ்சு. வேண்டாம் என்பதை முகம் கோணாமல் சொல்ல, டாக்டரின் மேல் பழியைப் போடுவதே வழி.

கடந்த சில ஆண்டுகளில் பக்கத்து வீட்டாரின் பயம் கூடியிருக்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் 23 இன நாய்களைத் தடை செய்யும்படி மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தது. தமிழக அரசும் மே மாதம் தடையை அறிவித்து, உடனே திரும்பப் பெற்றது. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பக்கத்து வீட்டு பிட்புல் கடித்து ஒருவர் இறந்தே போனார். இத்தகைய செய்தியை டி.வி.யில் பார்த்துவிட்டுப் படுப்பவருக்கு, அடுத்த மாடியில் கேட்கும் குரைப்பு வெறும் சத்தமாகக் கேட்காது. அவரிடம் "எங்க நாய் ஒண்ணும் பண்ணாது" என்று சொல்வதால் பயம் போகாது. கேட்டுக்கு உள்பக்கம் இரண்டாவது தாழ்ப்பாள் போட்டுக் காட்டினால், தெருவில் போகும்போது காற்றுப் புகும் கூடை வடிவ வாய்மூடி போட்டிருந்தால் போகும்.

சட்டம் இரு பக்கமும் வெட்டும். குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது, குரைக்கிறது என்பதை மட்டும் காரணம் காட்டியும் வெளியேற்றச் சொல்ல முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. நாய்க்கு விஷம் வைத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை. மறுபுறம், ஆபத்து விளைவிக்கும்படி விலங்கை அஜாக்கிரதையாக வைத்திருப்பவருக்கு 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சங்கிலியில் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு நடமாட்டம் கொடுக்காமல் விடுவதே 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். மாடி நாய்களில் எத்தனை இதில் மாட்டும் என்பது வளர்ப்பவர்களுக்கே தெரியும். முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய், அரை பிளேட் பிரியாணிக்குக்கூட ஆகாது. சட்டத்துக்கு வயதாகிவிட்டது. காவல் நிலையம் போவதற்கு முன் தெருப் பெரியவர், ஜமாத், கவுன்சிலர் என்று யாராவது ஒருவரை நடுவில் உட்கார வைத்துப் பேசுவதே இங்கே பலித்த வழி.

பல் பட்டுவிட்டால் பேச்சு எல்லாம் பிறகு. சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல், அன்றே ஆஸ்பத்திரிக்கு. அரசு மருத்துவமனைகளில் ஊசி இலவசம். வேலூர்க்காரர்களுக்கு அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் கடிபட்டவர் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும், கூட்டிப்போவது நாய்க்குச் சொந்தக்காரரின் கடமை.

திருவிழா நாட்களுக்கு முன்கூட்டியே திட்டம் வேண்டும். குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு, வேலூரில் சிவராத்திரிக்குப் பிறகு பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை, எங்கும் தீபாவளி. மேளமும் வெடியும் சேர்ந்தால் பெரிய நாயும் நடுங்கும். பயத்தில் சங்கிலியை அறுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினால் என்ன ஆகுமென்று சொல்லத் தேவையில்லை. மதியமே நன்றாக நடத்திக் களைக்க வைத்து, வீட்டின் நடு அறையில் விட்டு, ஃபேனையும் டி.வி.யையும் போட்டுவிட வேண்டும். மயக்க மாத்திரையைக் கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் தரக் கூடாது.

வயதான நாயின் குரைப்பு தனி ரகம். பெரிய இனங்கள் எட்டு, ஒன்பது வயதிலேயே கிழடாகிவிடும். கண் மங்கும், காது மந்தமாகும், மூட்டு வலிக்கும். சில நாய்களுக்கு மனிதருக்கு வருவது போலவே மறதி வந்து, நடு ராத்திரியில் எழுந்து சுவரைப் பார்த்துக் காரணமில்லாமல் குரைக்கும். இதற்குப் பயிற்சி கிடையாது. மருத்துவரிடம் காட்டி வலிக்கு மருந்து கேட்கலாம். மாடியிலிருந்து இறக்கி, வளர்ப்பவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கோணிப்பையை மடித்துப் போட்டு, தண்ணீர்க் கிண்ணத்தை எட்டும் தூரத்தில் வைத்து, ஜீரோ வாட் பல்பு ஒன்றை எரியவிடலாம். விழித்தால் ஆள் மூச்சு கேட்கும், திரும்பப் படுத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டு அக்காவிடமும் விஷயத்தைச் சொல்லிவைக்கலாம். பத்து வருஷமாக அதன் சத்தத்தை மட்டுமே கேட்டவர், அன்று உள்ளே வந்து அதை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாலும் போவார்.